இந்த முகம் யார் வீட்டு நெல்

சாலவாக்கம்
13-10-1963

தம்பி ஞானதாசுக்கு,

உன் மாத்திரை வேலை செய்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நீ எழுதும் கடிதங்களில் முக்கியமான சங்கதி நாலாம் பக்கத்தில்தான் வரும், அதற்குள் கஞ்சி ஆறிவிடும்.

ஆடி மாதம் உன் மச்சான் எல்லப்பன் முதுகில் தொங்கிக்கொண்டு உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த மலர்க்கொடி இப்போது இல்லை. அப்போது என் விரல்கள் பத்தும் பனங்கிழங்கு மாதிரி இருந்தன. காலையில் சீப்பைப் பிடிக்க முடியாது. நிலத்துக்காரர் ஏகாம்பரம் வரப்பில் வந்தால் கும்பிடக்கூட இரண்டு கையும் சேராது. அதை அவர் முடக்கு வாதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. மிஷன் பள்ளியில் எட்டாவது படித்த திமிர் என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் உழைக்கும் வயலும் குடியிருக்கும் மனையும் அவருடையவை என்பதால் எங்கள் வியாதிகளுக்குப் பெயர் வைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

இப்போது நடவில் நான்தான் முதல் ஆள். பக்கத்தில் நடும் செல்லம்மாள் அக்கா, "இன்னாமே, பேய் கீது புட்சிக்கிச்சா உன்னெ" என்று கேட்கிறாள். ஏகாம்பரமும் கேட்டார். மாத்திரை என்றேன். பட்டணத்து மாத்திரை உடம்பைக் கெடுக்கும், எனக்கும் மூட்டு வலிதான், இரண்டு வருடமாக வாலாஜாபாத் பாண்டுரங்கன் வைத்தியரின் பச்சிலைப் பொடிதான் சாப்பிடுகிறேன், பார் எப்படி இருக்கிறேன் என்றார். பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறார்.

ஒரே தொல்லை பசி. காலையில் கூழ், பத்து மணிக்குக் கூழ், மத்தியானம் கூழ், அதற்குப் பிறகு எல்லப்பன் பானையைப் பரண்மேல் வைத்துவிடுகிறார். உங்கள் டாக்டர் பால், முட்டை, பழம் சாப்பிடச் சொன்னார். மூன்றும் இந்த ஊரில் இருக்கின்றன. எங்கே இருக்கின்றன என்றும் எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம். உப்பைக் குறைக்கச் சொன்னார். கூழில் உப்பைக் குறைத்தால் மிச்சம் இருப்பதற்குக் கூழ் என்று பெயர் சொல்ல முடியாது.

போன பார்சலில் நீ, மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். வலியோடு வந்தவளுக்கு மருந்து கொடுக்கிறீர்கள், வலி போனதும் மருந்தைப் பிடுங்குகிறீர்கள். அறுவடை முடியும்வரை குறைக்க மாட்டேன். இன்னும் நூறு அனுப்பு.

அக்கா
மலர்க்கொடி

*

சென்னை
20-10-1963

அன்புள்ள அக்காவுக்கு ஞானதாஸ் வணக்கமாய் எழுதிக்கொள்வது.

நீ எழுந்து நடப்பதில் இங்கே மருந்துக் கூடத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். டாக்டரிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. உப்பு பற்றிய பகுதியை மட்டும் வாய்மொழியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆகவே நானும் சிரிக்கவில்லை.

நீ குறைக்க மாட்டேன் என்று எழுதியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு கம்பவுண்டர் டாக்டர் மாதிரி பேசக்கூடாது, இருந்தாலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பிரெட்னிசலோன் என்கிற இந்த மாத்திரை உன் வாதத்தைக் குணப்படுத்தவில்லை. அதன் வாயை மூடி உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு உடம்பிடம் விலை வாங்கும். எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், புண் ஆறாது, லேசாகத் தட்டினாலும் தோல் கன்றும். முகம் வட்டமாகும். அழகு கூடிவிட்டதாக ஊரில் சொல்வார்கள். நம்பாதே.

இதைவிட முக்கியமானது ஒன்று. (ஆம், முக்கியமானதைப் பின்னால்தான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.) சிறுநீரகத்தின் தலையில் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. இந்த மருந்து செய்யும் வேலையை இத்தனை நாள் அதுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவந்தது. வெளியூரிலிருந்து அறுப்புக்கு ஆள் வந்து இறங்கினால் உள்ளூர் ஆள் என்ன செய்வான்? வீட்டில் படுத்துவிடுவான். நாள்பட நாள்பட அரிவாளைப் பிடிக்கவே மறந்துவிடுவான். அப்போது வெளியூர்க்காரனை ஒரே நாளில் விரட்டினால் வயலில் யாரும் இருக்க மாட்டார்கள். வாந்தி வரும், தலை சுற்றும், ரத்த அழுத்தம் இறங்கும். ஆள் போய்விடலாம். ஆகவே குறைக்கும்போது பதினைந்து நாளுக்கு அரை மாத்திரை என்று குறைக்க வேண்டும். குறைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒருபோதும் திடீரென்று நிறுத்தக்கூடாது. இந்த ஒரு வரியை மட்டுமாவது எல்லப்பன் மச்சானுக்கு வாசித்துக் காட்டு.

இத்துடன் ஒரு மஞ்சள் அட்டை வைத்திருக்கிறேன். டாக்டர் கையெழுத்து இருக்கிறது. நீ எங்கேயாவது மயங்கி விழுந்தால் பார்க்கிற டாக்டருக்கு நீ என்ன மருந்து சாப்பிடுகிறவள் என்று தெரிவதற்காக. பெயர், ஊர், தொழில், மருந்தின் அளவு, அவசரத்தில் தெரிவிக்க வேண்டிய உறவினர் எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். உறவினர் என்ற இடத்தில் என் பெயர். இதை எப்போதும் உடம்போடு வைத்திரு.

அறுபது மாத்திரைதான் கிடைத்தது. நாலை மூன்றாகக் குறைத்திருந்தால் போதுமானது.

உன் தம்பி
ஞானதாஸ்

*

சாலவாக்கம்
21-1-1964

ஞானதாசுக்கு,

மாத்திரையை மூன்றாகக் குறைத்துவிட்டேன், கார்த்திகையிலேயே. உனக்கு எழுதவில்லை, எழுதினால் நீ ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

நீ சொன்னபடி முகம் வட்டமானது. நீ சொல்லாதபடி அது வழக்கானது.

போன வாரம் களத்தில் நெல் அளந்தபோது ஏகாம்பரத்துக்கு மூன்று கலம் குறைந்தது. அவர் தலையாரியைக் கேட்கவில்லை, வண்டிக்காரனைக் கேட்கவில்லை, மாமனார் வீட்டுக்கு மூட்டையோடு அடிக்கடி போய்வரும் தன் மருமகனையும் கேட்கவில்லை. களத்தில் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தார். என்னிடம் வந்து நின்றுவிட்டார். "அல்லாரும் எலும்புங் கூடுமா கீறாங்க. உனுக்கு மட்டும் மூஞ்சி இன்னாமே பௌர்ணமி மாதிரி கீது?" என்றார். அவ்வளவுதான் விசாரணை. கூலிக்காரிக்குக் கன்னம் வந்தால் அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், அவருடைய களத்தைத் தவிர அது வருவதற்கு உலகத்தில் வேறு இடம் இல்லை.

நேற்று ஊர்ப் பெரியவர் முத்துவேல் வீட்டு வாசலில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். நான் மாத்திரை என்றேன், உன் அட்டையைக் காட்டினேன். அதில் மருந்தின் அளவும் டாக்டரின் கையெழுத்தும்தான் இருக்கின்றன, முகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்று முத்துவேல் கண்டுபிடித்தார். நியாயமான மனிதர், இரண்டு பக்கமும் பேசுவார். யோசித்து யோசித்துக் கடைசியில் உங்கள் ஆஸ்பத்திரிக்கே தோன்றாத ஒரு பரிசோதனையைச் சொன்னார். மாத்திரை டப்பாவை எட்டு நாள் ஊர் காவலில் வைப்பது. எட்டாம் நாள் என் முகம் வாடியிருந்தால் அது மாத்திரை முகம். வாடாமல் இருந்தால் நெல் முகம். நெல் என்றால் மனையைக் காலி செய்ய வேண்டும், இனிமேல் ஊரில் யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடக்கூடாது.

எல்லப்பன், "எட்டு நாளுதான்மே. குடுத்துட்டு பேசாம இரு" என்றார். நீ எழுதிய அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டியிருந்தேன். அவருக்கு அது ஞாபகம் இருந்தது. மனை போய்விடும் என்பதும் ஞாபகம் இருந்தது. எனக்கும் இரண்டும் ஞாபகம் இருந்தன. ஆனால் டப்பாவைக் கொடுக்காவிட்டால் திருடியவள் பயந்துவிட்டாள் என்பார்கள் என்று தோன்றியது. கொடுத்துவிட்டேன். மஞ்சள் துணியில் முடிந்து, அரக்கு வைத்து, முத்துவேல் வீட்டு உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஐந்து பேரும் கூடினால்தான் அவிழ்க்கலாமாம்.

இன்று முதல் நாள். ஒன்றும் ஆகவில்லை. நீ எப்போதும் கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறவன்தான். எட்டு நாள் என்பது ஒரு வாரத்தைவிட ஒரு நாள் அதிகம், அவ்வளவுதானே.

மலர்க்கொடி

*

சென்னை
23-1-1964

அக்கா,

உன் கடிதம் கிடைத்த ஐந்தாவது நிமிஷம் தந்தி கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். தந்தி இதற்குள் வந்திருக்கும். வராவிட்டாலும் இப்போதே டப்பாவை வாங்கி மூன்று மாத்திரையை விழுங்கு. அதன் பிறகு இந்தக் கடிதத்தைப் படி.

அந்தப் பரிசோதனையில் நீ ஜெயிக்கவே முடியாது. ஆறு மாதத்தில் வந்த முகம் எட்டு நாளில் போகாது. மாதக்கணக்காகும். எட்டு நாளில் வாடக்கூடியது உன் முகம் அல்ல, நீதான். நீ செத்துப்போனாலும் எட்டாம் நாள் முகம் வட்டமாகத்தான் இருக்கும். அவர்கள் பார்த்துவிட்டு, பாவம், நெல்தான் என்று சொல்லிப் புதைப்பார்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்குக் கோபப்படப் பழக்கம் இல்லாததால் மேலே இருக்கும் வரியை இரண்டு முறை அடித்து எழுதினேன்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஏகாம்பரம் அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதி இந்தத் தபாலிலேயே போடுகிறேன். பயப்படாதே, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். உன் முகம் மருந்தால் வந்ததுதான் என்பதற்கு அடையாளங்களை எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு முகம் வட்டமாகும், கழுத்துக்குப் பின்னால் திமில் மாதிரி சதை வைக்கும், வயிறு பெருத்தும் கைகால் மெலிந்தும் இருக்கும், அடங்காத பசி இருக்கும், தூக்கம் இருக்காது, தோல் தொட்டால் கன்றும், இந்த அடையாளங்கள் நெல் தின்றால் வராது என்று எழுதினேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாசித்துப் பார்க்குமாறும் கேட்டுக்கொண்டேன்.

நீ இதை விரும்ப மாட்டாய். தெரியும். ஆனால் அவரோடு சண்டை போட நீ ஊரில் இருக்கிறாய். நான் இங்கே இருந்துகொண்டு வேறு என்ன செய்ய முடியும்? யாராவது ஒருவர் தயவாகப் பேச வேண்டாமா?

ஞானதாஸ்

*

சாலவாக்கம்
27-1-1964

ஞானதாசுக்கு,

முதலில், உன்னைப் புதைத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் தந்தி வந்தது. இந்தத் தெருவுக்கு இதுவரை வந்த தந்தி எல்லாம் சாவுத் தந்திதான். சைக்கிளில் வந்தவன் உத்திரமேரூரிலிருந்து என்று சொல்வதற்குள் செல்லம்மாள் அக்கா உன்னைப் பாடி அழ ஆரம்பித்துவிட்டாள். பட்டணத்து ராசா, வெள்ளைச் சட்டை வைத்தியரே என்றெல்லாம் நன்றாகவே அழுதாள். பிறந்ததிலிருந்து உனக்குக் கிடைத்த முதல் புகழ் அது. கடைசியில் வேதகிரி வாத்தியார் வந்து, "மாத்திரையை நிறுத்தாதே, ஞானதாஸ்" என்று தந்தியை வாசித்ததும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நான் அப்போது அழுகிற நிலையிலும் சிரிக்கிற நிலையிலும் இல்லை. இரண்டாம் நாளே வாந்தி. அன்று நாலாம் நாள், எழுந்தால் குடிசை தலைகீழாகச் சுற்றியது. எல்லப்பன் மேல் சாய்ந்துகொண்டு முத்துவேல் வீட்டுக்குப் போய் டப்பாவைக் கேட்டேன். ஐந்து பேர் கூட வேண்டும், அதில் ஒருவர் வாலாஜாபாத் மில்லுக்கு நெல் கொண்டு போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார் முத்துவேல். அவர் பேரில் தப்பில்லை, சட்டம் அது. வாசலில் புல் அறுக்கும் அரிவாள் கிடந்தது. எடுத்து, ஒரே வெட்டில் துணியை அறுத்து, அங்கேயே அவர் வீட்டுத் தொட்டித் தண்ணீரில் மூன்றை விழுங்கினேன். முத்திரையை உடைத்ததற்கு ஒன்று, தொட்டியைத் தொட்டதற்கு ஒன்று என்று இப்போது என்மேல் மொத்தம் மூன்று வழக்கு.

மூன்றும் நேற்று விசாரணைக்கு வந்தன. குடியரசு தினம். பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றி, பூந்தி கொடுத்து, சமத்துவத்தைப் பற்றி ஏகாம்பரம் பேசி முடித்ததும் அதே பெஞ்சிகளில் என் வழக்கு.

உன் கடிதம் அவர் கையில் இருந்தது. உறையைப் பிரித்து முதல் வரியை மட்டும் பார்த்திருந்தார். "ஆண்டை அவர்களின் சமூகத்துக்கு" என்று நீ ஆரம்பித்திருந்ததில் குளிர்ந்துபோய், எல்லாரும் கேட்கட்டும் என்று வேதகிரி வாத்தியாரிடம் கொடுத்தார். ஞானதாசு, நீ அந்தக் கடிதத்தில் பதினோரு இடத்தில் தயவுசெய்து என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உன்னைத் தம்பி என்று சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அடையாளங்கள் வந்தன.

வேதகிரி வாத்தியார் எதையும் பாடம் மாதிரிதான் வாசிப்பார், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி. "முகம் வட்டமாகும்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கழுத்துக்குப் பின்னால் திமில் போலச் சதை வைக்கும்." என் கழுத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு முன்னால் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்தின் கழுத்து நன்றாகத் தெரிந்தது. "வயிறு பெருக்கும், கைகால் மெலியும்." பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். "அடங்காத பசி இருக்கும்." யாரோ இருமினார்கள். "தூக்கம் இருக்காது." அவர் விடியும்முன் எழுந்து களத்தைச் சுற்றிவருவதை அவருடைய விழிப்பு என்றல்லவா ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. "தோல் தொட்டால் கன்றும்." கொடிக்கயிறு பட்டு அவர் முன்கையில் நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு. அவர் அதைத் துண்டால் மூடினார். அதற்குள் மைதானத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை.

நான் எழுந்தேன். பேச வேண்டும் என்று வரவில்லை. கேட்டுவிட்டேன்.

"எம் மூஞ்சி உங்க நெல்லுன்னா, உங்க மூஞ்சி யாரு வூட்டு நெல்லுங்க?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். துண்டை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் துன்றது பச்சிலப் பவுடரு" என்றார். மடியிலிருந்து பொட்டலங்களை எடுத்து, ஒன்றைப் பிரித்து எல்லாருக்கும் காட்டினார். பச்சிலை சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக இருந்தது. அவருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். ரோஷம் வந்துவிட்டது. அத்தனை பொட்டலத்தையும் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் வீசிவிட்டு, "எட்டு நாளு பாருங்க. எம் மூஞ்சி அப்பிடியேதான் இருக்கும்" என்றார். முத்துவேல் அதையும் ஒரு பரிசோதனையாக ஏற்றுக்கொண்டு வழக்கைத் தள்ளிவைத்தார்.

ஆக உன் தயவுசெய்து பதினொன்றும் வீண் போகவில்லை. இருந்தாலும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன்.

மலர்க்கொடி

*

சென்னை
30-1-1964

அன்புள்ள அக்காவுக்கு,

என்மேல் நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு. இதை மட்டும் செய். ஏகாம்பரம் அந்தப் பொடியை நிறுத்தக்கூடாது.

பச்சிலை என்று சொல்லிக்கொண்டு வட்ட முகத்தோடு வருகிறவர்கள் இங்கே வாரத்துக்கு இரண்டு பேர். எல்லாரும் ஏதோ ஒரு வைத்தியரின் பொடி சாப்பிட்டவர்கள். வைத்தியர் நம் மாத்திரையைத்தான் அரைத்துக் கலந்திருப்பார். பச்சிலை நோயாளியின் நம்பிக்கைக்கு, மாத்திரை வலிக்கு. எவ்வளவு கலந்தார் என்பது கலந்தவருக்கே தெரியாது. இரண்டு வருடம் சாப்பிட்டவர் ஒரே நாளில் கிணற்றில் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாளில் நீயே பார்த்தாய். அவருக்கு உன்னைவிட மோசமாக இருக்கும்.

அவர் உன்னை அந்த நிலைக்குத் தள்ளியவர்தானே என்று நீ கேட்பாய். உன் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன். அவர் செத்தால் உன் வாக்குப் பட்டுச் செத்தார் என்று ஊர் சொல்லும், மனையும் போகும், அது ஒரு காரணம். ஆனால் அதற்காக நான் சொல்லவில்லை. மருந்துக் கூடத்தில் பதினாலு வருடம் நின்றவனுக்கு, இன்னது நடக்கும் என்று தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டிருக்க வரவில்லை. உனக்கு அவரைப் பிடித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லையே.

வாந்தி எடுத்தால் மாத்திரை உள்ளே நிற்காது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசிதான் போட வேண்டும். உன் அட்டையை எடுத்துக்கொண்டு போ. பொடியில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடிய ஆள் அந்த ஊரில் நீ ஒருத்திதான்.

இந்த முறை தயவுசெய்து என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. கவனித்திருப்பாய்.

ஞானதாஸ்

*

சாலவாக்கம்
7-2-1964

தம்பி ஞானதாசுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை காலை வந்தது. அதற்குள் ஏகாம்பரம் படுத்து மூன்று நாள். நான் போகலாமா வேண்டாமா என்று இரண்டு முறை படித்தேன். கோபம் குறையவில்லை. கோபத்தோடேயே போனேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நடந்துபோகும்போது தெரிந்தது.

அந்த வீட்டுக்கு நான் எப்போதும் தொழுவத்துப் பக்கமாகத்தான் போவேன். அன்று முன்வாசலில் போய் நின்றேன். உள்ளே மிளகாய் சுற்றிப் போட்ட நெடி. அவர் மனைவி தாயாரம்மாள் வெளியே வந்து, "உன் கண்ணு பட்டுத்தான்டி இப்பிடி கெடக்கறாரு. இன்னும் இன்னா வோணும் உனுக்கு?" என்றாள்.

"கண்ணு இல்லம்மா, பவுடரு நின்னுபோச்சு. எனுக்கும் இப்பிடித்தான் ஆச்சு. வாந்தி, தலசுத்து, எழுந்துக்க முடியாது. சரியா?"

அவள் அவர் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதில் எல்லாம் சரியாக இருந்தது. டப்பாவைத் திறந்து நீட்டினேன். என் விரல் படாமல் எடுக்கப் பார்த்தாள். டப்பாவின் வாய் சின்னது, முடியவில்லை. நாலு எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நீ சொன்ன மாதிரி அது உள்ளே நிற்கவில்லை. வண்டி கட்டச் சொன்னேன். ஆம், நான்தான் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கட்டினார்கள்.

வண்டியில் இடம் விஷயமாகக் கொஞ்சம் பேச்சு வந்தது. நான் பின்னால் நடந்து வரலாம் என்றார் முத்துவேல். நடந்து வந்தால் நான் உத்திரமேரூர் சேரும்போது அவர் இருக்க மாட்டார், அட்டை மட்டும் இருக்கும் என்றேன். ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பக்கம் தாயாரம்மாள், நடுவில் வைக்கோல்மேல் ஏகாம்பரம், இன்னொரு பக்கம் நான். வழியெல்லாம் அவர் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். வட்டத் தலைக்குப் பாரம் அதிகம். சாலையில் பார்த்தவர்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுக்காரர், வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இந்தப் பக்கத்து ஆள் இல்லை. என்ன மருந்து சாப்பிட்டார் என்றார். பச்சிலை என்றாள் தாயாரம்மாள். நான் என் அட்டையைக் கொடுத்து, "இதுதாங்க அந்தப் பச்சில" என்றேன். வாசித்துவிட்டு ஓடினார். ஊசி போட்டு, பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஏற்றி, மத்தியானத்துக்குள் ஏகாம்பரம் கண்ணைத் திறந்துவிட்டார். இனி அவரும் எடை போட்டு, அளவு குறைத்து, மாதக்கணக்கில்தான் இறங்க வேண்டுமாம். நானும் அவரும் ஒரே மருந்தில் குடியிருப்பவர்கள் ஆகிவிட்டோம். அந்த மனையை யாரும் யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது.

சாயங்காலம் டாக்டர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். படுத்திருந்தவர் முகத்தைப் பார்த்தார். அட்டையில் இருந்த என் பெயரைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா?" என்று கேட்டார்.

தாயாரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வண்டிக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த முத்துவேல் கூரையில் எதையோ தேடினார். ஏகாம்பரம் பேசும் நிலையில்தான் இருந்தார், சற்று முன்புதான் கஞ்சி கேட்டிருந்தார். இல்லை என்று அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார். வண்டியில் தலையைப் பிடித்தது ஞாபகம் வந்ததோ, மறுபடியும் யார் முகம் யார் நெல் என்று நான் ஆரம்பித்துவிடுவேன் என்று பயமோ, எனக்குத் தெரியாது. வாயைத் திறக்கவில்லை. டாக்டருக்கு அவசரம், எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வாத்தியாரைத் தபால் எழுதச் சொல்லிப் பாண்டுரங்கன் வைத்தியரிடம் விளக்கம் கேட்கப் போகிறார்களாம். மூன்று கலம் நெல்லை இப்போது யாரும் தேடுவதில்லை. தேடினால் கிடைத்துவிடும் என்று மருமகன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். முத்திரை, தொட்டி இரண்டு வழக்கும் அப்படியே இருக்கின்றன, இருக்கட்டும். மனையில் ஒரு முருங்கைக் கிளை நட்டிருக்கிறேன், காய்க்கும்வரை யாரும் மனையைக் கேட்க மாட்டார்கள் என்பதற்காக இல்லை. காய்த்த பிறகும் கேட்க முடியாது என்பதற்காக.

இரண்டரை மாத்திரைக்கு வந்துவிட்டேன். காலையில் விரல் கொஞ்சம் இறுகுகிறது. வலி திரும்பினால் திரும்பட்டும், அதோடு எனக்குப் பழக்கம் உண்டு. கும்பிடக் கை சேராவிட்டால் இப்போது யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவருக்கும் ஒரு மஞ்சள் அட்டை வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இங்கே அட்டை இல்லையாம், நீ நிரப்பி அனுப்பு. பெயர் ஏகாம்பரம். ஊர் சாலவாக்கம். தொழிலை அவரிடம் கேட்டு அப்புறம் எழுதிக்கொள்ளலாம். அவசரத்தில் தெரிவிக்க வேண்டிய உறவினர் என்ற இடத்தில் மட்டும் நீயாக எதையும் மாற்றாதே. உத்திரமேரூர் அரசாங்க ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதையே எழுது: மலர்க்கொடி, தங்கை.

அக்கா